முழத்துண்டும் பெட்ரோல் பில்லும்

ஏண்டா பேராண்டி, ஆபீசுல மூணு நாளு நேர்மைக்குப் பயிற்சி குடுத்தாகளாமே! ஏசி ரூமு, ரெண்டு வேளை காப்பி, முடிவுல சர்ட்டிபிகேட்டு. பேஷ். ஒங்க தாத்தன் அதையே கோயில் மந்தையில சாக்கை விரிச்சு ஓசியில படிச்சவன். ஆர்மோனியம் ஆரம்பிச்சா விடியிற வரைக்கும் வகுப்பு. எங்க நாடகக்காரங்களுக்கு வாத்தியாரு சங்கரதாஸ் சுவாமிகள். 1922லயே அவரு போய்ச் சேந்துட்டாரு, நாடகம் இன்னும் போகலை.

அரிச்சந்திரா நாடகம் பாத்திருக்கியா? சின்னப் பிள்ளையில அந்தக் கதையைப் பாத்துட்டுத் தனக்குத்தானே திரும்பத் திரும்ப நடிச்சுப் பாத்ததா காந்தியே சுயசரிதையில எழுதியிருக்காரு. நான் திரும்பத் திரும்பப் பாத்தது பபூனைத்தான், அதை விடு.

அரிச்சந்திரனுக்கு ராஜ்யம் போறப்ப நம்மூருல ஒருத்தனும் அழமாட்டான். இருந்தாத்தானே போறதுக்கு? கடனை வசூல் பண்ண விசுவாமித்திரர் ஒரு ஆளைக் கூடவே அனுப்புவாரு பாரு, அவன் வாயைத் தொறந்தா முன்வரிசையே நெளியும். வட்டிக்கு வாங்குனவனும் நெளிவான், விட்டவனும் நெளிவான்.

மயான காண்டத்துலதான்டா பாடம் இருக்கு. பாம்பு கடிச்ச மகன் லோகிதாசனைச் சொமந்துக்கிட்டு பொண்டாட்டி சந்திரமதி வர்றா. சுடுகாடு காக்குற அரிச்சந்திரன் கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி கேட்டு மறிக்கிறான். பெத்த பிள்ளைன்னு தெரிஞ்ச பெறகு என்ன சொன்னான் தெரியுமா? வாய்க்கரிசி என் பங்கு, அதை விட்டுத்தாரேன். பணமும் துண்டும் மொதலாளி வீரபாகுவோடது, அதுல கை வைக்க மாட்டேன்னான். தன் பங்கைத்தான் தள்ளுபடி செய்யலாம், அடுத்தவன் பங்கைச் செய்யப்படாது. நீ பஸ்ஸுல வந்துட்டு காருக்குப் பெட்ரோல் பில்லு போட்டியாமே? ஒங்கப்பன் பெருமையாச் சொன்னான்.

ஆனா ஒங்க அப்பத்தா இதுக்கெல்லாம் மசியமாட்டா. ஒவ்வொரு தடவையும் நாடகம் முடிஞ்சதும் கேப்பா: “சத்தியத்தைக் காப்பாத்துனது அவுக, காசியில வெலைக்குப் போனது பொண்டாட்டியும் பிள்ளையுமா?” அம்பது வருசமா எங்கிட்ட பதில் இல்ல. ஒங்க பயிற்சியில சொன்னாகளா?

வர்ற வெள்ளிக்கெழமை மந்தையில நாடகம். போர்வை எடுத்துக்க. பபூன் போனதும் எந்திரிச்சு ஓடிராத, மயானம் வர விடியக்காலம் ஆயிரும். வரும்போது பஸ்ஸுலயே வா.