ஊதுறதுக்கு முந்தி பாடுடா பேராண்டி

வாடா பேராண்டி. குழல் ஊதப் படிக்கப் போறியாமே? அஞ்சு கட்டைக்கு ஒண்ணு, ஏழு கட்டைக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் வெல்வெட்டுப் பை, சுருதி பாக்க போன்ல ஒரு ஆப். எல்லாம் வந்திருச்சு. பாட்டுதான் இன்னும் பார்சல்ல வரலை போல!

தேவிகுளத்து விடியக்காலைக் குளிர்ல, லயத்து வாசல்ல நின்னு ஊதுற. சுருதி கம்மிங்குது ஆப். குழல் சரியில்லைன்னு உடனே திருப்பி அனுப்பக் கெளம்பிட்ட. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! அடேய், செத்த நேரம் கக்கத்துல வச்சு ஊதிப் பாரு. உள்ள காத்து சூடேறினா சுருதி தானா ஏறும். இதுக்கு ஆப் வேணுமா, அறிவு வேணுமா?

என்னடா வாசிக்கப் போறன்னு கேட்டா அயர்லாந்து மெட்டுங்கிற. வாசி, யாரு வேணாங்கிறா? அவுக ஊதுற தகரக் குழலுக்கு ஆறே ஓட்டை. 1843-ல ராபர்ட் கிளார்க்குன்னு ஒரு இங்கிலீஷ்காரன் தகரத்தை வளைச்சுச் செஞ்சு, ஏழை எளியதுக வாங்குற வெலைக்கு வித்தான். அயர்லாந்துல மெதுவா இழுத்து வாசிக்கிற மெட்டுல பாதிக்கு மேல, வாயால பாடுன பாட்டுதான். தாளத்துக்குக் கட்டுப்படாது. சொல்லு முடியுற எடத்துல மூச்சு. கொழுந்து கிள்ளிட்டு வந்து தூளியாட்டுற நம்ம ஆத்தாமாரு தாலாட்டும் அப்படித்தானே? ஆராரோவை எங்க இழுக்கணும்னு அவுகளுக்கு எவன் நோட்டு எழுதிக் குடுத்தான்?

அட, 1926-ல திருவிடைமருதூர்ல பொறந்த குழல் வித்வான் மாலியைப் பாரு. மாமா சொல்லிக் குடுத்த பாட்டைக் காதுல வாங்கி, தானாவே குழல்ல கொண்டாந்தாரு. ஏழு வயசுல மயிலாப்பூர்ல கச்சேரி. வெல்வெட்டுப் பையா வாசிச்சுச்சு?

நான் சொல்றதைக் கேளு. குழலைப் பரண்ல வை. மெட்டை வாய்விட்டுப் பாடு. பக்கத்து லயத்துக்காரி சன்னலை அடைச்சா அடைக்கட்டும். பாட்டு மனசுல ஏறுனப்பறம் குழலை எடு. விரல் நுனியால குத்தாத, சதையால மூடு. மூங்கில்ல மேல் ஸ்தாயிக்குப் போக நெஞ்சு வெடிக்க ஊதாத, உதட்டைக் குறுக்கு.

வாய்க்கு வராத மெட்டு எத்தனை ஆயிரம் குடுத்தாலும் குழலுக்கு வராதுடா. மூணாவது குழலுக்கு ஆர்டர் போட்டிருந்தா, மொதல்ல அதை ரத்து பண்ணு.