காலில் ஒன்றும் இல்லாத பருந்து

வேட்டைப் பறவைப் படங்களில் ஒரு கணக்கு இடிக்கிறது. கண்காட்சியிலும் நாட்காட்டியிலும் நாம் பார்க்கிற பருந்து எதுவும் வெறுங்காலோடு திரும்புவதில்லை. ஒரு மீனோ எலியோ கட்டாயம் தொங்கும். வானத்தில் நடப்பது வேறு. பறக்கிற பறவையைப் பறந்தே பிடிக்கும் வல்லூறுக்குக்கூடப் பெரும்பாலான பாய்ச்சல்கள் வீண்தான். சாம்பார் தீர்ந்துபோன பந்தி கல்யாண ஆல்பத்தில் இடம்பெறாத மாதிரி, தப்பிய எலிக்கும் நம் ஆல்பங்களில் இடமில்லை. வேட்டையைப் படமெடுப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் அதன் பெரும்பகுதியான தோல்வியையும் எடுத்தாக வேண்டும் என்பது என் கட்சி.

அதற்குத் தோதான இடம் வேப்பம்பட்டு. இதே திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு இருக்கும்போது, திருநின்றவூரைத் தாண்டி அடுத்த ஸ்டேஷனில் இறங்குவானேன் என்று கேட்பார்கள். நியாயம்தான்; குளிர்காலத்தில் ஏரிப் பக்கம் விராலடிப்பானும் பொரி வல்லூறும் வரும். ஆனால் பொரி வல்லூறு செங்குத்தாகப் பாய்ந்தால் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அசையாமல் பிடித்த கேமராவில் ஷட்டர் நொடியின் 2,000-இல் ஒரு பங்கு நேரமே திறந்திருந்தாலும், அதற்குள் பறவை 4 சென்டிமீட்டர் போயிருக்கும். வேப்பம்பட்டு மாதிரி வயலும் மனைக்கல்லும் கலந்து கிடக்கும் ஊர்களுக்கு உரிய கருந்தோள் பருந்து அப்படி அவசரப்படுவதில்லை. மின்கம்பியில் உட்கார்ந்து நோட்டம் பார்க்கும். அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். இறக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கும். பாதி வழியில் மனம் மாறி மறுபடி ஏறிவிடும். தன் திட்டத்தை இவ்வளவு பகிரங்கமாக நடத்தும் வேட்டைக்காரர் வேறு யார்? எலி ஒன்றுக்குத்தான் தகவல் போவதில்லை.

வெறுங்கால் படத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாமே என்பார்கள். முடியாது. பருந்தின் தோல்வி வேறு, நம்முடையது வேறு. சிவந்த கண் துல்லியமாகப் பதிந்து, நகங்கள் விரிந்து, புல்லுக்குள் ஒரு வால் மறைவது தெரிந்தால் அது பருந்தின் தோல்வி. படம் முழுக்கச் சாம்பல் நிறப் புகையாக இருந்தால் அது நம்முடையது. அதை நவீன கலை என்று மாட்டிவைப்பது தனித் திறமை. 1882-இல் பிரான்சின் எத்தியென்-ஜூல் மாரே துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்து, பறக்கும் பறவைகளை நொடிக்கு 12 படம் எடுத்தார். அவருக்கு வேண்டியிருந்தது சிறகு எப்படி அசைகிறது என்பது. காலில் என்ன தொங்குகிறது என்பதல்ல. இன்றைய சில கேமராக்கள் பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய கணங்களையும் சேர்த்தே பதிந்துவைக்கின்றன. ஆக, தவறிய பாய்ச்சலெல்லாம் மெமரி கார்டில் பத்திரமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து அழிப்பவர்கள் நாம்தான்.

பார்ப்பவருக்கு ஒரு நிறைவு வேண்டாமா என்பது கொஞ்சம் கனமான ஆட்சேபம். அந்த நிறைவை உத்தரவாதமாகத் தர முற்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவின் லங்காவித் தீவு இருக்கிறது. படகிலிருந்து கோழித்தோலை வீசிச் செம்பருந்துகளை வரவழைத்து, சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டினார்கள். பாய்ச்சல் வீணாகவில்லை, படங்களும் அமோகம். கோழித்தோல் எங்கே ஓடப்போகிறது? வேப்பம்பட்டு எலிக்குக் காலும் உண்டு, வளையும் உண்டு, மனை போட்டவர்கள் இன்னும் உடைக்காத வரப்பு இருக்கிறவரை.