மருந்துச் சீட்டுல புரோமோசன் எழுதித் தரச் சொல்லு

தீவாளிக்கு வந்தவன் வந்ததுல இருந்து திண்ணையில உக்காந்து கைக்கடியாரத்தையே மொறைச்சுட்டிருக்கறயே, என்ன கண்ணு சேதி? நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு டாக்டர்கிட்டப் போனயாமா. ஈசிஜி எடுத்துப் பாத்துப்போட்டு, ‘ஒண்ணுமில்ல, டென்சன்தான்’னு அனுப்பி உட்டாராமா. உன்ற அம்மா சொன்னா. கம்பெனியும் சும்மா உடலையாமா. வாரத்துல ஒரு நாள் யோகா, மத்தியானம் ஒரு தட்டு பப்பாளி, மூச்சை எப்படி இழுத்து உடறதுன்னு சொல்லித் தர்றதுக்குப் போன்ல ஒரு ஆப்பு. தங்கமான கம்பெனி. மூச்சு உட நேரம் மட்டுந்தான் தரலை, மத்ததெல்லாம் தந்துட்டாங்க.

இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைப்பே. ஒண்ணும் தெரியாதுதான். தாலூக்காபீசுல பியூனா இருந்து ரிட்டேர்டு ஆனவனுக்கு நெஞ்சைப் பத்தி என்ன தெரியும்? ஆனா உன்ற தங்கச்சி டாக்டருக்குப் படிக்கறாளே, அவ போன லீவுக்கு வந்தப்போ பரீட்சைக்குன்னு சத்தம் போட்டுப் படிச்சுட்டிருந்தா. நான் பக்கத்துல உக்காந்து கடலைக்காய் உரிச்சுட்டிருந்தேன். திடீர்னு ‘பியூன்’னு காதுல உழுந்துச்சு. என்ன அம்மிணி, டாக்டர் புஸ்தகத்துல எங்காளுக்கு என்ன சோலின்னு கேட்டேன். லண்டன்ல பியூனுகளோட நெஞ்சைப் பரிசோதிச்சு ஆராய்ச்சியே பண்ணிருக்கறாங்க அப்பாருன்னா. கடலைக்காயை ஓரமா வெச்சுட்டேன்.

அவ சொன்னதை உனக்குச் சொல்றேன். கேட்டுப்போட்டு என்ற புத்திமதியையும் சேத்துக் கேட்டுக்க. காசா, பணமா?

மொதல்ல பஸ் கதை. ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்ச காலத்துல லண்டன்ல ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர். மாரடைப்பு ஏன் இப்படிப் பெருகுதுன்னு அவருக்கு ஒரே ரோசனை. அந்த ஊர்ல சிவப்பு மாடி பஸ் ஓடுதல்ல, அதுல டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ், ஒரே புகை, ஒரே டெப்போ. டிரைவர் ஷிப்டு பூராவும் உக்காந்தே இருப்பாரு. கண்டக்டர் டிக்கெட் குடுக்கறதுக்கு மேலயும் கீழயும் ஏறி எறங்கிட்டே இருப்பாரு. ஒரு நாளைக்கு 500-ல இருந்து 750 படி. 31,000 போக்குவரத்துத் தொழிலாளிகளோட கணக்கு 1953-ல ‘லான்செட்’ பத்திரிகையில வந்துச்சு. டிரைவரைவிடக் கண்டக்டருக்கு மாரடைப்பு கொறைச்சல். வந்தாலும் வயசாகித்தான் வருது, வந்த வேகத்துல ஆளைத் தூக்கறதும் கொறைச்சல்.

அதோட உடலை மனுசன். கம்பெனி யூனிபாரம் தைச்சுத் தருதல்ல, அந்தத் தையல் கணக்கை வாங்கிப் பேண்ட்டோட இடுப்பளவைப் பாத்தாரு. டிரைவருக்கு இடுப்பு பெருசு. சின்ன வயசு டிரைவருக்கே பெருசு. அப்போ உக்காந்து உக்காந்து பெருத்துச்சா, இல்லை பெருத்தவன்தான் உக்கார்ற வேலைக்குப் போறானான்னு ஒரு சந்தேகம் வருமல்ல? தன்ற கணக்குக்கு எடஞ்சலா இருந்த அதையும் 1956-ல அவரே அச்சுல போட்டாரு. எங்க ஆபீசுல எந்த விசாரணையும் அப்படி நடந்து நான் பாத்ததில்லை. மோரிஸ் 99 வயசு வரைக்கும் இருந்து 2009-லதான் போய்ச் சேந்தாரு.

உன்ற கம்பெனிக்காரன் இந்தப் பஸ் கதையை மட்டும் கெட்டியாப் புடிச்சுட்டான். ‘லிப்ட் வேண்டாம், படியில ஏறுங்க’ன்னு செவுத்துல ஒட்டி வெச்சிருக்கறாங்கன்னயே. ஏன் ஒட்ட மாட்டான்? நீ படி ஏறுனா அவனுக்கு என்ன செலவு? தப்புன்னு சொல்லலை, ஏறு. ஆனா படி ஏறுனா ஆயுசு கெட்டின்னா, எங்க ஆபீசுலயே எச்சா ஏறி எறங்குனவன் நானாக்கும். ரெக்கார்டு ரூமுக்கு ஒரு நடை, டிரெசரிக்கு ஒரு நடை, டீக்கடைக்கு நாலு நடை. அந்தக் கணக்குல பியூனெல்லாம் நூறு வயசு இருக்கணும், பெரிய ஆபீசரெல்லாம் அம்பதுல போயிரணும். அங்கதான் ரெண்டாவது கதை வருது.

லண்டன்ல ஒயிட்ஹால்னு ஒரு ரோடு. சர்க்காரோட பெரிய ஆபீசெல்லாம் அந்தப் பக்கந்தான். 1967-ல இருந்து, அந்த ஆபீசுகள்ல வேலை செஞ்ச 40 வயசுக்கும் 64 வயசுக்கும் நடுவுல இருந்த ஆம்பளைக 17,500 பேருக்கு மேல பரிசோதிச்சு, யாரு எப்போ எதுல சாகறாங்கன்னு குறிச்சுட்டே வந்தாங்க. அன்னிக்கு ஊரெல்லாம் நம்பிட்டிருந்தது என்னன்னா, நெஞ்சுவலி பெரிய மனுசங்க வியாதி. அவியளுக்குத்தானே பொறுப்பு, அவியளுக்குத்தானே டென்சன். பியூனுக்கு என்ன கேடு, ஸ்டூல்ல உக்காந்து தூங்கறான். மைக்கேல் மார்மட்டுன்னு ஒரு டாக்டரும் அவரோட கூட்டாளிகளும் 1978-ல கணக்கை வெளிய உட்டா, எல்லாம் தலைகீழா இருக்குது. உச்சியில இருந்த ஆபீசருகளைவிட, அடியில இருந்த பியூனுகளுக்கு 3.6 மடங்கு மாரடைப்புச் சாவு.

‘பீடி சிகரெட்டா இருக்கும் அப்பாரு’ம்பே. அவங்களும் அப்படித்தான் நெனைச்சாங்க. கீழ இருக்கறவன் எச்சாத்தான் இழுக்கறான், வாஸ்தவம். அதைக் கழிச்சு, பிரசரைக் கழிச்சு, கொழுப்பைக் கழிச்சுப் பாத்தாலும் வித்தியாசத்துல பாதிகூடக் கரையலை. சோத்துக்கு இல்லாதவன் அதுல ஒருத்தன் இல்லை. மாசம் பொறந்தா சம்பளம். ஆஸ்பத்திரி எல்லாருக்கும் இனாம். சுரங்கத்துத் தூசியோ மில்லுப் பஞ்சோ மூக்குல ஏறுற வேலையும் இல்லை, அத்தனை பேரும் ஆபீசுக்காரங்க. பின்ன எதுதான் ஆளைத் திங்குது?

அதுக்குன்னே 1985-ல மறுபடியும் ஆரம்பிச்சாங்க. இந்தத் தடவை பொம்பளைகளையும் சேத்து 10,308 பேரு. ரத்தம், பிரசரு எல்லாம் பாத்ததோட நிக்காம, வேலையைப் பத்தி வெலாவாரியாக் கேட்டாங்க. உன்ற வேலையை எப்படிச் செய்யறதுன்னு நீ முடிவு பண்ணலாமா? எப்போ செத்த ஓய்வெடுக்கறதுன்னு உன்ற இஷ்டமா? ‘இல்லைங்க, இல்லைங்க’ன்னு பதில் சொன்னவியளுக்கு இருதய நோய் எச்சுன்னு 1997-ல எழுதுனாங்க. அடிமட்டத்துல இருக்கறவனுக்கு நோய் எச்சா இருக்கறதுக்குக் காரணத்துல பெரும்பங்கு இதுதான்னும் எழுதுனாங்க.

அந்த ஆராய்ச்சிக்காரங்க கண்டதுல எனக்கு ரொம்பப் புடிச்சது ஒண்ணு இருக்குது. ஆபீசுல இருக்கறப்போ மேல இருக்கறவருக்கும் கீழ இருக்கறவனுக்கும் பிரசரு கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஊட்டுக்குப் போனப்புறம் பாரு, ஆபீசருக்கு நல்லா எறங்கிருது. கீழ இருக்கறவனுக்கு அந்தளவுக்கு எறங்க மாட்டேங்குது. உன்ற அப்பத்தாகிட்டக் கேளு, ராத்திரி எட்டு மணிக்குக் கோயில் மணி அடிச்சாலும் நான் சட்டுனு எந்திரிச்சு நிப்பேன்.

ஏன்னா என்ற ஸ்டூல் அப்படி. ஆபீசர் ரூமுக்கு வெளிய, கதவுக்கு வலது பக்கம், சாஞ்சுக்க முதுகுப் பலகை இல்லாத மர ஸ்டூல். தலைக்கு மேல காலிங் பெல்லு. ஒரு தடவை அடிச்சா என்னைக் கூப்படறாரு, ரெண்டு தடவை அடிச்சா கிளார்க்கை வரச் சொல்றாரு. அடிக்கறப்போ ஒரு கஷ்டமும் இல்லை கண்ணு, போய்ச் சொன்னதைச் செய்யறோம். அடிக்காம இருக்கறப்பதான் பாடு. ஒண்ணுக்குப் போலாம்னு எந்திரிச்சா அடிச்சிருமோன்னு உக்காந்துக்கறது. சோத்துப் போசியைத் தொறந்து வெச்சுட்டு ஒரு காதை மேல வெச்சுக்கறது. பாக்கறவனுக்கு அது சொகவாசம். ‘சும்மா உக்காந்து சம்பளம் வாங்கறான்’னு மனு குடுக்க வந்தவனே என்ற காதுபடச் சொல்லிட்டுப் போவான்.

நீ என்னமோ பெரிய பட்டணத்துல, ஏசி ரூம்ல, சுத்துற நாற்காலியில உக்காந்திருக்கறதா நெனைச்சுக்கறே. அன்னிக்கு ஊட்ல இருந்து வேலை செஞ்சயே, அப்பப் பாத்தேன். கம்ப்யூட்டர்ல உன்ற பேருக்குப் பக்கத்துல பச்சையா ஒரு புள்ளி. செத்த நேரம் கையை எடுத்தா மஞ்சளாயிருது, நீ ஓடி வந்து அந்த எலியை ஒரு ஆட்டு ஆட்டறே. சோறு ஒரு கையி, எலி ஒரு கையி. அட கண்ணு, அது என்ற ஸ்டூலுதான்! கலர் மட்டும் மாத்திக் குடுத்திருக்கறாங்க. போதாக்கொறைக்குக் கையில வாட்சு வேற, மணிக்கொரு தடவை நடுங்கி ‘எந்திரி’ங்குது. எனக்காவது சர்க்கார் செலவுல பெல்லு. நீ சொந்தக் காசுல வாங்கிக் கட்டியிருக்கறே.

அமெரிக்காவுல கராசெக்குன்னு ஒரு வாத்தியார் 1979-லயே இதைச் சொல்லி வெச்சாரு. பாரம் எச்சா இருக்கறது மட்டும் ஆளைக் கெடுக்கறதில்லை, பாரமும் எச்சு, தன்ற கையில ஒரு முடிவும் இல்லைங்கறதுதான் கெடுக்குதுன்னு. இதுக்கு அமெரிக்கா எதுக்கு? பாரவண்டியில வண்டிக்காரனும் மாடும் ஒரே வெயில்லதான் போறாங்க. புளியமரத்தைக் கண்டா நிறுத்தலாமான்னு முடிவு பண்றது மட்டும் ஒருத்தன் கையில. எனக்குத் தெரிஞ்சு எந்த வண்டிக்காரனும் மாட்டுக்கு யோகா சொல்லித் தரலை, அந்த மட்டுக்கும் யோக்கியமானவங்க.

இப்ப நீ என்னை மடக்கலாம். ‘உக்காந்தவன் செத்தான்னு பஸ் கதையில சொன்னீங்க, நம்ம கவர்மெண்டு, கடையில நிக்கறவங்களுக்கு உக்கார நாற்காலி போடணும்னு சட்டம் போட்டுதே, எது சரி?’ன்னு. நல்ல கேள்வி. 2021-ல போட்ட சட்டம் அது. கேரளாக்காரங்க அதுக்கு முந்தியே, 2018-ல, போட்டுட்டாங்க. சவுளிக்கடையில பாத்திருப்பே, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் புள்ளைங்க நிக்கறதை. செவுத்துல சாயக்கூடாது, கூட்டம் இல்லாட்டியும் உக்காரக்கூடாது. கெண்டைக்கால்ல நரம்பு சுருட்டிட்டு நிக்கும். நம்மாளு அந்தப் புள்ளையை நாப்பது சேலை பிரிக்கச் சொல்லிப்போட்டு, ‘அடுத்த வாரம் வர்றேன்’னு போவான். டிரைவருக்கு உக்காந்தது வெனை, இந்தப் புள்ளைங்களுக்கு நின்னது வெனை. எந்திரிக்கலாமா, உக்காரலாமான்னு அவங்கவங்க காலைக் கேட்டு முடிவு பண்ண முடியலைங்கறது ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே? டிரைவர் பாதி ரோட்டுல எறங்கி நாலு எட்டு நடக்க முடியுமா? சட்டம் நாற்காலியைப் போட்டுருச்சு. உக்காந்தா மொதலாளி மொறைக்காம இருக்கறதுக்கு இன்னொரு சட்டம் வேணும்.

நேரக் கணக்கும் இருக்குது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேந்து 2021-ல சொன்னது: வாரம் 35, 40 மணி நேரம் வேலை செய்யறவனைவிட, 55 மணியோ அதுக்கு மேலயோ செய்யறவனுக்குப் பக்கவாதம் வர்ற ஆபத்து 35 சதவீதம் எச்சு, இருதய நோய்ல சாகற ஆபத்து 17 சதவீதம் எச்சு. 2016-ல மட்டும் உலகத்துல 7,45,000 பேரு இப்படி நீண்ட நேர வேலையால செத்திருக்கறாங்க. அந்தக் கணக்கு வெளிய வந்து ரெண்டு வருசம் ஆகறதுக்குள்ள, 2023 ஏப்ரல்ல, நம்ம சட்டசபையில 12 மணி நேர வேலைக்கு வழி பண்ணி ஒரு திருத்தம் நெறைவேத்துனாங்க. ஊரே கத்துனப்புறம் மே தினத்தன்னிக்கு வாபஸ் வாங்குனாங்க. வாபஸ் வாங்குறதுக்கு நல்ல நாளாத்தான் பாத்திருக்கறாங்க.

உங்க கம்பெனியில ஆளைக் கொறைக்கப் போறாங்கன்னு பேச்சு வந்தப்போ நீ சோறு உங்காம கெடந்தயே, அதுவும் ஒயிட்ஹால் கணக்குல இருக்குது. ஒரு டிபார்ட்மெண்ட்டைத் தனியாருக்கு உடப்போறாங்கன்னு சேதி வந்தப்போ, வேலை போறதுக்கு முந்தியே, போகுமோங்கற பயத்துலயே அங்க இருந்தவியளுக்கு ஒடம்பு சீர்கெட்டுச்சாமா.

சரி, புத்திமதிக்கு வர்றேன். அடுத்த தடவை டாக்டர்கிட்டப் போனா மாத்திரை வேண்டாம்னு சொல்லிரு. மருந்துச் சீட்டுல ‘காலையில ஒரு புரோமோசன், சாப்பாட்டுக்குப் பின்னாடி’ன்னு எழுதித் தரச் சொல்லு. கம்பெனி இன்சூரன்ஸ்ல கெடைக்குதான்னு பாரு. கெடைக்காதுன்னா, யோகா கிளாசுக்கு ஒதுக்குன அந்த ஒரு மணி நேரத்தை என்ற கையில குடுங்க, நான் எப்போ வேணுமோ எடுத்துக்கறேன்னு கேளு. பச்சைப் புள்ளியை மத்தியானம் ஒரு மணி நேரம் அணைச்சு வெக்கறோம்னு கேளு. பப்பாளியை வேணா திருப்பிக் குடுத்துரு. ஆனா தனியாப் போய்க் கேக்காதே, உனக்குச் சொகமில்லைன்னு இன்னொரு ஆப்பு தருவான். நாலு பேராப் போங்க. எங்க காலத்துல ஆபீசர் ஊட்டு வேலைக்கு, மாவு மில்லுக்கு எங்களை அனுப்பறதை நிறுத்துனது யோகா இல்லை, சங்கந்தான்.

ஒயிட்ஹால் கணக்குல இன்னொரு வேடிக்கை. அடியில இருக்கறவனுக்கு மட்டுந்தான் கேடுன்னு இல்லை. உச்சிக்கு அடுத்த படியில, நல்ல சம்பளத்துல, நல்ல ரூம்ல ஒருத்தர் இருக்கறாரே, அவருக்கும் உச்சியில இருக்கறவரைவிட ஆபத்து எச்சுதான். கீழ எறங்க எறங்கப் படிக்குப் படி ஏறிட்டே போகுது. அப்படிப் பாத்தா உன்ற டீம் லீடருக்கும் மேல எவனோ பெல்லு அடிச்சுட்டுத்தான் இருக்கறான். அவன்மேல கோவிச்சுக்காதே, பாவம், அவனும் நோயாளி. ஊருக்குப் போறப்போ அப்பத்தா சுட்ட முறுக்குல அவனுக்கும் ஒரு பொட்டலம் கட்டித் தரச் சொல்றேன், குடு. ஞாயித்துக்கெழமை அவன் போன் பண்ணா மட்டும் எடுக்காதே. ஏன் எடுக்கலைன்னு கேட்டா, அப்பாருக்கு ஒடம்பு சரியில்லை, அதான்னு சொல்லிரு. எனக்கு ஒண்ணும் ஆயிராது கண்ணு. ரிட்டேர்டு ஆனதுல இருந்து என்னைப் பெல்லடிச்சுக் கூப்படறதுக்கு ஆளே இல்லை, உன்ற அப்பத்தாளைத் தவிர.