முதுகைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: நுவரெலியாவில் பழைய பங்களாச் சாமான்களோடு ஒரு பெண்டர் கிட்டார் ஆம்ப் விலைக்கு வருகிறது. அதன் வயதை எப்படி அறிவது? (வாசகர், ஹட்டன்)

பதில்: பழைய பெண்டர் வால்வு ஆம்பின் வயது முகத்தில் இல்லை, முதுகில் இருக்கிறது. பின்புறம் திறந்த பெட்டியென்றால் ஸ்பீக்கர் விளிம்பில் அச்சடித்த எண் தெரியும். 220 என்று தொடங்கினால் ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்போர்டு; அடுத்து வருவது ஆண்டும் வாரமும். உள்ளே, வால்யூம் குமிழுக்குப் பின்னாலுள்ள பாகத்திலும் இதே கணக்குத்தான். 137-6512 என்றால், சி.டி.எஸ். நிறுவனம் 1965இன் 12ஆம் வாரத்தில் செய்தது. ஸ்பீக்கரை யாரும் மாற்றியிருக்கலாம். இரண்டு எண்ணும் நெருங்கி வந்தால்தான் நம்பலாம்.

அமெரிக்க வீடுகளுக்கென்று செய்த ஆம்புக்கு வேண்டியது ஏறக்குறைய 120 வோல்ட், இலங்கை மின்சாரமோ 230. ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் செருகிப் பார்க்கவே கூடாது.

மலைநாட்டு ஈரத்தில் ஸ்பீக்கரின் காகிதக் கோன் இற்றுப்போகும். விரலால் மெல்லத் தடவினாலே தெரியும். குமிழைத் திருகும்போது கரகரத்தால் பெரும்பாலும் சுத்தம் செய்தால் போதும். விடாத உறுமல் என்றால் கப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கக்கூடும். அவற்றை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்பது நியாயம். செருகியை உருவிய பின்னும் கப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். உள்ளே கைவைப்பது வால்வு வேலை தெரிந்தவராகவே இருக்கட்டும்.