நடுக்கடல் பாட்டுப்பெட்டியின் சர்வீஸ் புத்தகம்

புகார் 1: செட் நல்லா இருக்கு, பாட்டுதான் வரலை

1964-இன் தொடக்கம். பிரிட்டனைப் பீட்டில்ஸ் பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது. இசைத்தட்டுக் கடைகளில் தள்ளுமுள்ளு. ஆனால் வீட்டுக்கு வந்து ரேடியோவைத் திருகினால் அந்தப் பாட்டு லேசில் அகப்படாது. செட்டில் கோளாறில்லை. பேட்டரி புதுசு, ஏரியல் சரி. கோளாறு லண்டனில் இருந்தது. அதன் பெயர் பிபிசி.

நாட்டுக்குள் வானொலி நடத்தும் உரிமை பிபிசி ஒன்றுக்குத்தான். அதற்கும் இசைத்தட்டை இஷ்டத்துக்குச் சுழலவிட அனுமதியில்லை. தட்டுக் கம்பெனிகளும் இசைக்கலைஞர் சங்கமும் போட்டிருந்த கட்டுப்பாட்டின்படி ஒரு நாளைக்குச் சில மணி நேரம் மட்டுமே ஊசி தட்டைத் தொடலாம். மிச்ச நேரத்தில் ஊரே முணுமுணுக்கும் பாட்டை பிபிசியின் சொந்த வாத்தியக் கோஷ்டி பவ்யமாக வாசித்துக் காட்டும். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய்மாமனை மணவறையில் உட்கார வைத்த கதை.

லக்ஸம்பர்க்கிலிருந்து ராத்திரி நேரத்தில் ஒரு வானொலி வந்துகொண்டிருந்தது. அதன் நேரத்தைப் பெரிய தட்டுக் கம்பெனிகள் விலைக்கு வாங்கித் தங்கள் சரக்கை மட்டுமே ஓட்டின. ஜார்ஜி ஃபேம் என்ற பாடகருக்கு மேனேஜராக இருந்த ரோனன் ஓ'ராஹிலி என்ற ஐரிஷ் இளைஞர், தம் ஆளின் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினார். எங்கும் கதவு திறக்கவில்லை. வேறு யாராவது என்றால் பாடகரை மாற்றியிருப்பார்கள். இவர் வானொலி நிலையத்தையே மாற்றுவது என்று முடிவு கட்டினார். தரையில் நிலையம் வைத்தால் போலீஸ் வரும். கரையிலிருந்து மூன்று மைல் தாண்டிவிட்டால் பிரிட்டிஷ் சட்டம் வராது. ஆக, கப்பல்.

கையில் 'ஃபிரெடரிசியா' என்ற பழைய டென்மார்க் பயணிகள் கப்பல். அதைக் கட்டிப்போட்டுச் சாமான் ஏற்ற ஒரு துறைமுகம் வேண்டுமே? அப்பாவுக்கு அயர்லாந்தின் கிரீனோரில் சொந்தமாகத் துறைமுகமே இருந்தது! நம் வீட்டில் அப்பா சைக்கிள் தரவே யோசிப்பார். போகட்டும். ஓ'ராஹிலியின் தாத்தா 1916 ஈஸ்டர் கிளர்ச்சியில் பிரிட்டிஷாரோடு சண்டை போட்டு டப்ளின் தெருவில் உயிர் விட்டவர். பேரன் 1964 மார்ச் 28-ஆம் தேதி, சரியாக ஈஸ்டருக்கு முந்தின நாள், இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு எதிரே கப்பலை நிறுத்தி ஒலிபரப்பைத் தொடங்கினார். அந்தக் குடும்பத்துக்கும் பிரிட்டனுக்கும் ஈஸ்டர் ஒத்துவராது போலிருக்கிறது.

நிலையத்துக்கு வைத்த பெயர் ரேடியோ கரோலைன். அமெரிக்க அதிபர் கென்னடியின் மகள் கரோலைன் அப்பாவின் அலுவலகத்தில் விளையாடும் படத்தைப் பார்த்து அந்தப் பெயரை வைத்ததாக ஓ'ராஹிலி சொல்லிவந்தார். பெரிய இடத்து வேலையைக் குழந்தை குலைக்கிறது என்ற காட்சி அவருக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

புகார் 2: ஊசி குதிக்குது

மைக்செட்காரர்களிடம் ஒரு வேதம் உண்டு. சத்தம் வரவில்லையா? முதலில் கரன்ட் பார். பிறகு எர்த், பிறகு கனெக்‌ஷன். செட்டைப் பிரிப்பது கடைசி வேலை. கப்பலில் இந்த வரிசைக்கு முன்னால் இன்னொன்று சேர்கிறது: கடல் இருக்கிறதா பார். இருக்கும்.

வடகடலில் அலை எழும்பினால் கப்பல் உருளும், ஸ்டூடியோ உருளும், அறிவிப்பாளரின் வயிறு தனியாக உருளும். சுழலும் தட்டின் மேல் ஊசி ஒரு சரணத்தைத் தாண்டி அடுத்த பாட்டுக்கே போய்விடும். கப்பல் வானொலிகளில் இதற்குக் கண்ட மருந்து காசு. லஞ்சமல்ல, நாணயம். பிக்கப் கையின் தலையில் செப்புக் காசை ஒட்டினால் எடை கூடி ஊசி பள்ளத்தை விட்டு எழும்பாது. தட்டு சீக்கிரம் தேயும். தேய்ந்தால் என்ன, அடுத்த வாரம் அந்தப் பாட்டை யார் கேட்கப்போகிறார்கள்?

கரன்ட் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வரும். ஜெனரேட்டரின் வேகம் கொஞ்சம் இறங்கினால் அதை நம்பிச் சுழலும் தட்டின் வேகமும் இறங்கும். காதலியைக் கொஞ்சிக்கொண்டிருந்த பாடகர் திடீரென்று அவளுடைய அப்பாவின் குரலில் பேச ஆரம்பிப்பார்.

அந்த வருடக் கடைசியில் போட்டிக்கு வந்தது ரேடியோ லண்டன். அதன் கப்பல் 'கேலக்ஸி' ஒரு காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் கண்ணிவாரிக் கப்பல். இரும்பு வயிற்றுக்குள் ஸ்டூடியோ வைத்தார்கள். பேசினால் அண்டாவுக்குள் தலையைவிட்ட எதிரொலி. தீர்வு? போர்வை. சுவரெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு நவநாகரிக லண்டனின் குரல் ஒலித்தது. இதெல்லாம் ஸ்டீரியோவா என்று கேட்காதீர்கள். ஒலிபரப்பு மோனோதான். ஸ்டீரியோ கப்பலில் இருந்தவர்களுக்கு மட்டும்: இடது காதில் இன்ஜின், வலது காதில் அலை.

எர்த் விஷயத்தில் மட்டும் கடல் தாராளமாக நடந்துகொண்டது. மத்திய அலை ஒலிபரப்புக்கு உப்புநீரைவிட நல்ல தரை கிடையாது. அதே உப்புநீர் சாரலாக ஏறி ஏரியலின் இன்சுலேட்டரில் படிந்தால் பொறி பறக்கும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற வள்ளல்.

புகார் 3: சொன்ன நம்பரில் ஸ்டேஷன் இல்லை

கரோலைன் தன் அலைநீளம் 199 மீட்டர் என்று நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருந்தது. உண்மையில் அது ஒலித்தது 1520 கிலோஹெர்ட்ஸில், அதாவது 197 மீட்டரும் சொச்சமும். அப்புறம் ஏன் 199? 'கரோலைன்' என்ற பெயருக்கு 'நைன்' எதுகையாக விழுந்தது, அவ்வளவுதான். இயற்பியலைவிட எதுகை பெரிது என்று முடிவெடுத்த ஒரே பொறியியல் நிறுவனம் இதுவாகத்தான் இருக்கும். கேட்பவர்கள் முள்ளைக் கொஞ்சம் இப்படி அப்படித் திருகிக்கொண்டார்கள். யாரும் புகார் கொடுக்கவில்லை.

புகார் 4: ஸ்டேஷன் கரைக்கே வந்துவிட்டது

இதற்குள் ரேடியோ அட்லாண்டா என்ற பங்காளி நிலையம் கரோலைனோடு இணைந்துவிட்டது. ஃபிரெடரிசியா வடக்கே மான் தீவுப் பக்கம் போனது. அட்லாண்டாவின் 'மி அமிகோ' தெற்கே எசெக்ஸ் கரைக்கு எதிரே நின்றது. மி அமிகோ 1921-இல் ஜெர்மனியின் கீல் நகரில் பாய்மரக் கப்பலாகப் பிறந்த பாட்டி. அந்த வயதில் முதுகில் வான்முட்டும் ஏரியல் கம்பத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாப் பாட்டுப் பாட வைத்தார்கள்.

1966 ஜனவரி 20. புயலில் நங்கூரம் கைவிட்டது. பாட்டி மெல்ல நகர்ந்து, ஃப்ரின்டன் கடற்கரை மணலில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்று மைலுக்கு அப்பால் நின்றால்தான் சட்டத்திலிருந்து தப்பலாம் என்று வாழ்ந்த நிலையம், இப்போது நடந்தே போய் விலாசம் கேட்கும் தூரத்தில்.

கப்பலில் இருந்தவர்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். அந்தக் கருவி மிதவை வளையத்தில் கித்தான் டிரவுசர் தைத்தது. ஆள் அதற்குள் காலை நுழைத்துத் தொங்கிக்கொண்டு வர வேண்டும். அப்படித் தொங்கி வந்த நட்சத்திர அறிவிப்பாளர்களில் ஒருவர் டோனி பிளாக்பர்ன். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் ஹாலந்துக்கு ரிப்பேருக்குப் போனது. விளம்பரக் காசு நிற்கக்கூடாதே? ரேடியோ சிட் என்ற சுவீடன் கப்பல் நிலையம் பால்டிக் கடல் உறைந்துபோனதால் சும்மா இருந்தது. அதன் உரிமையாளர் பிரிட் வாட்னர் அம்மையார் தம் 'சீட்டா 2' கப்பலைக் கொடுத்து உதவினார். அது பண்பலைக்கான கருவிகளோடு இருந்த கப்பல். இவர்கள் மி அமிகோவின் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி அதில் மாட்டி, கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஏரியல் கட்டினார்கள். சத்தம் ஈனசுரத்தில் வந்தது. ஆனாலும் வந்தது. வியாபாரத்துக்கு அது போதும்.

புகார் 5: மேலிடத்துத் தொந்தரவு

பிரதமர் ஹரால்ட் வில்சனின் அரசு பொறுமையிழந்தது. கப்பல்களின் அபாய அழைப்புக்கு இடைஞ்சல், பாட்டுக்குக் காப்புரிமைப் பணம் தருவதில்லை என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. கப்பலைத் தொட முடியாது. ஆனால் கப்பலுக்குச் சோறு போடுகிறவரைத் தொடலாமே! 1967 ஆகஸ்ட் 14 நள்ளிரவு முதல் கடல் நிலையங்களுக்கு விளம்பரம் கொடுப்பதும், சாமான் அனுப்புவதும், பிரிட்டிஷ் பிரஜை அங்கே வேலை பார்ப்பதும் குற்றம். மற்ற நிலையங்கள் மூட்டை கட்டின. கரோலைன் மட்டும் ஜானி வாக்கர், ராபி டேல் என்ற இரண்டு தைரியசாலிகளோடு ஓட்டியது.

ஏறத்தாழ ஏழு வாரம் கழித்து, செப்டம்பர் 30-ஆம் தேதி, பிபிசி புதிதாக ரேடியோ 1 என்ற பாப் நிலையத்தைத் தொடங்கியது. முதல் நிகழ்ச்சியை நடத்தியவர் டோனி பிளாக்பர்ன்! கித்தான் டிரவுசரில் தொங்கியவர் இப்போது அரசாங்க நாற்காலியில். கடைக்குச் சீல் வைத்துவிட்டு, சமையல்காரரை வீட்டுக்கு அழைத்துப்போன கெட்டிக்காரத்தனம்.

அரசாங்கம் முடிக்காத வேலையைக் கடன் முடித்தது. 1968 மார்ச் 3 அதிகாலை, பாக்கி வராத கோபத்தில் இழுவைக் கப்பல்காரர்கள் வந்து இரண்டு கப்பல்களையும் ஆம்ஸ்டர்டாமுக்கு இழுத்துப் போனார்கள். மிரட்டிய அரசாங்கத்திடம் மசியாத நிலையம் பில் புத்தகத்திடம் மசிந்தது.

புகார் 6: ஒரே விசில் சத்தம்

1970-இல் வேறொரு நிலையம், ரேடியோ நார்த்சீ, வண்ணங்களை வாரிப் பூசிய 'மெபோ 2' கப்பலில் பிரிட்டன் கரைக்கு வந்தது. வில்சன் அரசு கரையிலிருந்து அதே அலைவரிசையில் எதிர் ஒலி எழுப்பி மறித்தது. தன் குடிமக்கள் பாட்டுக் கேட்காமலிருக்க ஒரு ஜனநாயக அரசு கரன்ட் செலவழித்த அபூர்வ சம்பவம். ஜூனில் பொதுத் தேர்தல். 18 வயதினர் முதல் தடவையாக வாக்களிக்கும் பொதுத் தேர்தலும் அதுதான். நிலையம் தன் பெயரை ஓ'ராஹிலியின் ஆசியோடு கரோலைன் என்று மாற்றிக்கொண்டு அரசுக்கு எதிராகப் பிரசாரம் செய்தது. கருத்துக்கணிப்புகள் வில்சன் ஜெயிப்பார் என்றன. வில்சன் தோற்றார்.

விசில் நின்றதா? அடுத்து வந்த அரசும் ஊதியது! கட்சி மாறினாலும் கனெக்‌ஷன் மாறவில்லை.

புகார் 7: செட் தண்ணீரில் விழுந்துவிட்டது

ஏலத்தில் மீட்கப்பட்ட மி அமிகோ 1972-இல் மறுபடி கடலுக்கு வந்தாள். 1980 மார்ச்சில் மறுபடி புயல், மறுபடி நங்கூரம். இந்தத் தடவை பாட்டி மணல்திட்டில் மோதித் தண்ணீர் குடித்தாள். பம்புகளால் சமாளிக்க முடியவில்லை. மார்ச் 20 பிறந்த சற்று நேரத்தில், ஷீர்னஸ் மீட்புப் படகு அங்கிருந்த நால்வரையும் ஒரு கேனரிக் குருவியையும் காப்பாற்றிக் கொண்டுவந்தது. குருவியின் பெயர் வில்சன். தங்களை ஒழிக்கச் சட்டம் போட்ட பிரதமரின் பெயரைக் கூண்டுக்குள் வைத்துத் தீனி போட்டிருக்கிறார்கள். மூழ்கும்போதும் அவரை விட்டுவிட்டு வரவில்லை. இதற்கு மேல் ஒரு நாகரிகத்தை எதிர்க்கட்சியிடம்கூட எதிர்பார்க்க முடியாது.

கப்பல் மூழ்கியது, ஏரியல் கம்பம் மூழ்கவில்லை. ஏறத்தாழ 160 அடிக் கம்பம் அலைக்கு மேலே இன்னும் சில வருடம் நிமிர்ந்தே நின்றது.

பிறகு நடந்தவை, சுருக்கமாக

1983-இல் கரோலைனுக்குப் புதுக் கப்பலாக 'ராஸ் ரிவெஞ்ச்' வந்தது. ஐஸ்லாந்துக்காகக் கட்டிய மீன்பிடிக் கப்பல், பிரிட்டிஷ் கைக்கு மாறி ஐஸ்லாந்தோடேயே காட் மீன் சண்டைக்குப் போன பேர்வழி. 300 அடிக் கம்பம் ஏற்றினார்கள். 1987-இல் விழுந்தது. 1989 ஆகஸ்டில் டச்சு அதிகாரிகள் நடுக்கடலில் ஏறி ஸ்டூடியோ சாமான்களை வாரிக்கொண்டு போனார்கள். சில வாரங்களில் பாட்டு திரும்பியது. 1991-இல் கப்பல்களை விழுங்குவதற்குப் பேர்போன குட்வின் மணல்திட்டில் மாட்டியது. குட்வினுக்கே செரிக்கவில்லை போல, முழுசாக மீண்டது.

பில்

இத்தனை புகாரையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஊசி குதித்ததற்குக் காரணம் அலை. ஸ்டேஷன் நகர்ந்ததற்குக் காரணம் நங்கூரம். நின்றதற்குக் காரணம் பாக்கி. விசில் வந்ததற்குக் காரணம் அரசாங்கம். டிரான்ஸ்மிட்டர் பாவம், கரன்ட் கொடுத்தால் பாடியது. கெட்டிருந்தது செட் அல்ல, யார் பாடலாம் என்று தீர்மானித்த சட்டம். அதைக் கழற்றி மாட்ட 53 வருடம் பிடித்தது. 2017-இல் பிரிட்டிஷ் ஒழுங்குமுறை அமைப்பு ரேடியோ கரோலைனுக்கு முறைப்படி உரிமம் கொடுத்தது. ஒதுக்கிய அலைவரிசை 648 கிலோஹெர்ட்ஸ், முன்பு பிபிசி உலக சேவை உபயோகித்தது. டிரான்ஸ்மிட்டர் நிற்கும் இடம் ஆர்ஃபோர்ட்னெஸ், அதுவும் முன்பு அவர்கள் ஒலிபரப்பிய தளம்தான்.

இங்கிலாந்தின் தென்கிழக்குப் பக்கம் போனால் முள்ளை 648-க்குத் திருப்பிப் பாருங்கள். எதுகைக்காகச் சொல்லவில்லை, இந்தத் தடவை நம்பர் சரி.