கொழும்பு விலை

ஐந்தாந் திகதி இரவுச் செய்தி முடிந்தபோது, தெமோதரையில் ஒரு வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "இம்மாதம் சமையல் எரிவாயு விலையில் மாற்றமில்லை." இந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிற மனிதர் இரண்டு நாளாக கேஸ் அடுப்பைப் பட்டினி போட்டிருந்தார். மூன்றாந் திகதி காலையிலேயே சிலிண்டர் தீர்ந்துவிட்டது. "நாளைக்குக் குறைப்பான், பொறு" என்று வீரம் பேசியது அவர். முற்றத்தில் மூன்று கல் கூட்டி, பக்கத்து லயத்தில் கேட்டு வாங்கிய தேயிலை மிலாறை எரித்து, கண் சிவக்க ரொட்டி சுட்டது அவருடைய மனைவி.

கொழும்பில் ஒரு விலையும் பதுளையில் அதைவிடக் கூடிய விலையும் ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை. அதற்குமுன் கலண்டர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

அவர் வீட்டுக் கதிர்காமக் கந்தன் கலண்டரில் நல்லநேரம் பார்ப்பதை எல்லாரும் விட்டுவிட்டார்கள். அதன் பின்பக்கம் முழுக்க பன்னிரண்டரைக் கிலோ லிட்ரோ சிலிண்டரின் ஜாதகம். 2021 ஒக்டோபரில் கட்டுப்பாட்டு விலையை நீக்கியதும் 1,493 ரூபாய் ஒரே தாவாக 2,750. 2022 ஏப்ரலில் 4,860. அன்று தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு, அதாவது கூலிக்கு, 1,000 ரூபாய்; ஏறக்குறைய ஐந்து பேர் ஒரு சிலிண்டருக்குள் போய்விடும். (கொழும்பில் கேஸ் வரிசையில் நின்றவர்களைப் படம் பிடித்தார்கள். மிலாறு எரித்தவர்களைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை.) ஜூலையில் இன்னும் 50 ஏறி 4,910. ஓகஸ்டில் 246 குறைந்தது. வாங்கவில்லை, இன்னும் குறையட்டும் என்றார். செப்டெம்பரில் 113 குறைந்தது, ஒக்டோபரில் 271. இப்போது வாங்கலாம் என்று எழுந்தார். நவம்பரில் 80 ஏறியது. கோபித்துக்கொண்டு உட்கார்ந்தார்; டிசம்பரில் 250 ஏறியது. ஜனவரியில் 201 இறங்கியது, பெப்ரவரியில் 334 ஏறியது. இனி ஏறத்தான் போகிறது என்று கணக்குப் போட்டு, 2023 ஏப்ரல் மூன்றாந் திகதி ஓட்டோ பிடித்துப் போய் வாங்கி வந்தார். மறுநாள் 1,005 ரூபாய் குறைத்தார்கள். அந்தக் கட்டத்தை அவர் சிவப்புப் பேனையால் குத்திய குத்தில் முன்பக்கத்து வேலவனுக்கே காயம். ஜூலையில் 2,982 வரை இறங்கியது. 'மூவாயிரத்துக்குக் கீழே போனது இனி மேலே வராது' என்று ஊருக்கெல்லாம் சொன்னார். 2024 ஜனவரியில், பெறுமதி சேர் வரியோடு சேர்ந்து, 4,250.

தெமோதரைக்காரருக்கு இது புரியாமல் போனதுதான் வெட்கம். பதுளையிலிருந்து வரும் ரயில் ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் புகுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனில் மேலே வந்து நிற்பதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர் அவர்.

சவூதி அரம்கோ மாதாமாதம் புரொப்பேன், பியூட்டேன் விலையைச் சொல்கிறது. டொலர் தன் பங்குக்கு ஆடுகிறது. ஐந்தாந் திகதி வாக்கில் இங்கே அறிவிப்பு வருகிறது. இவ்வளவும் அவருக்கு மனப்பாடம். சவூதிக்காரன் தும்மினால் தெமோதரையில் ஒருவர் தைலம் தேடுகிறார். பால்மா விலை கேட்டால் தெரியாது.

ஆறாந் திகதி, செய்தியில் சொன்ன தொகையை ஒரு ரூபாய் பிசகாமல் எண்ணி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

"சேர், அது கொழும்பு விலை."

"எனக்குத் தெரியாதா முதலாளி?"

"தெரிஞ்சும் மாசாமாசம் அதையே எண்ணிக்கொண்டு வாறீங்களே."

செய்தி வாசிப்பவர் ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, "பதுளை விலை" என்று வாயைத் திறந்து சொன்னால் என்ன? வானிலைக்கு மட்டும் ஊவா மாகாணம் ஞாபகம் வருகிறது, அதுவும் மண்சரிவு என்றால்! லொறிக்கூலி, மலைப்பாதை என்று காரணம் சொல்வார்கள். அந்தக் கணக்கையும் எழுதலாம்தான். ஆனால் கடைக்காரர் மிச்சக் காசுக்குக் கை நீட்டியபடி நிற்கிறார், ஓட்டோக்காரன் ஹோர்ன் அடிக்கிறான்.

சிலிண்டரைப் பூட்டி, ரெகுலேட்டருக்குச் சவர்க்கார நுரை தடவிப் பார்த்துவிட்டு, அவர் கலண்டரைப் புரட்டினார். அவர்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் 58 நாள் ஓடும். விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

மூன்றாந் திகதி.

"மிலாறைத் தூக்கிப் போட்டுடாத" என்றார் அடுப்படிப் பக்கம் பார்த்து.