கேள்வி – பதில்

கேள்வி: இங்கிலாந்தில் ஒரே ஒரு மரத்தை வெட்டியதற்கு இரண்டு பேருக்குச் சிறையாமே? (வாசகர், மன்னார்குடி)

பதில்: ஆளுக்கு 4 ஆண்டு 3 மாதம்! ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டி, இரு மேடுகளின் நடுவே ஒற்றையாக நின்ற சிக்கமோர் மரம் அது. 1991-ல் வந்த ராபின் ஹுட் படத்தில்கூட தலைகாட்டியது. 2023 செப்டம்பரில், புயலடித்த ஓர் இரவில் சாய்த்தார்கள். சும்மா இருக்காமல் அதை செல்போனில் வீடியோவும் எடுத்தார்கள். அந்த வீடியோவே கோர்ட்டில் முக்கிய சாட்சி! அடிமரம் 2024-லேயே துளிர்த்துவிட்டது. மரத்தின் உயரம் 49 அடி என்பதால் 49 கன்றுகளை ஊர் ஊராகக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். நம்மூரில் ஆணி அடித்து 'டியூஷன்' போர்டு மாட்டியவரைப் பிடித்தாலே பெரிய விஷயம்.

கேள்வி: மரம் ஏறிக் கிளை கழிக்கும் வேலைக்கு என் மகன் இங்கிலாந்துக்குப் போகிறானாம். பெற்றவர்களை விட்டுப் போனவன் அங்கே வேர் பிடிப்பானா? (வாசகி, தென்காசி)

பதில்: கவலை வேண்டாம் அம்மா. மேலே சொன்ன சிக்கமோர் மரத்தின் இனமே ஐரோப்பாக் கண்டத்திலிருந்து அங்கே குடியேறியதுதான். சில நூற்றாண்டுகளில் ஊரே அழும் அளவுக்குச் சொந்தமாகிவிட்டது. ஒரே வித்தியாசம், மரத்துக்கு விசா கேட்கவில்லை. உங்கள் பையனுக்குக் கேட்பார்கள். வாராவாரம் வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். மரத்தின் உச்சியிலிருந்து மட்டும் வேண்டாம்!